பதுளைத் தோட்டங்களில் ஒரு முகவரியின் பயணம்

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களுக்கு முகவரி தகரத்தில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்தபோது, ஆளுக்கொரு தகர வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். டின் டிக்கட் என்று அதற்குப் பெயர். எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர் என்பதைச் சொல்லும் எண் அதில் பொறித்திருந்தது. அந்த வில்லையைக் காட்டினால் வழியில் யாரும் பயணக் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பிறகு சுற்றி வளைத்து ஆளின் கடனில் ஏறும். ரயில் பாதை பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. பதுளை வரை வர 1924 ஆயிற்று. அதற்கு முன் வந்தவர்கள் பதுளை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மீதித் தூரத்தை நடந்தே கடந்தார்கள்.

தோட்டம் மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இவர் பட்ட கடன் இவ்வளவு, தீர்த்தால் விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் போக முடியும். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. தகர வில்லை, துண்டு இரண்டிலும் இருந்தது தோட்டத்து ஆளைப் பற்றிய எழுத்து. அவர் எழுதியது ஒன்றுமில்லை. பெரும்பாலானோரால் அதை வாசிக்கவும் முடியவில்லை.

மூத்தவர்கள் கணினி பழகுவதையும் குழுவில் மடல் எழுதும் முறையைக் கற்பதையும் பற்றி எழுத வந்து, நூறாண்டு பின்னே போயிருக்கிறேன். காரணம் உண்டு. அறுபது, எழுபது வயதில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்து மனிதர் ஒருவர் மின்னஞ்சல் கணக்கைத் திறக்கும்போது, தோட்டத்து ஆபீசைத் தொடாமல் தன் பெயரிலேயே தொடங்குகிற முகவரி அவருக்குக் கிடைக்கிறது. பலருக்கு வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கொழும்பிலோ சென்னையிலோ ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கணினி பழகுவதும் இதுவும் ஒன்றல்ல.

இடையில் தப்பால் (தபால்) காலம் ஒன்று நெடுநாள் நடந்தது. சில இடங்களில் இன்னும் நடக்கிறது. ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல்கணக்கா கீழ்க்கணக்கா என்ற குறிப்பு, பிறகு ஹாலி எல, தெமோதரை, லுணுகலை என்று தபாற் கந்தோரின் பெயர்: தோட்டத்துக் கடித உறையின் முகம் இப்படித்தான் இருக்கும். வரிசை வீடான லயத்துக்கு எண் உண்டு, அதிலுள்ள அறையான காம்பராவுக்கும் உண்டு. ஆனால் அந்த எண்கள் தோட்டத்தின் பதிவுக்காக இடப்பட்டவை. தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை. தோட்டத்தின் தப்பால்காரர் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவார். தபாற் கந்தோரில் தோட்டத்துக்கு வந்தது அத்தனையையும் ஒரே கட்டாக வாங்கிக்கொண்டு ஏறி வருவார். ஆபீசில் துரையின் கடிதங்கள் முதலில் பிரியும். மற்றவை கிளாக்கரின் மேசையில் கிடக்கும். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இல்லையென்றால் கங்காணியின் கையிலோ, கடைக்காரரிடமோ, பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடமோ கொடுத்தனுப்புவார்கள். இத்தனை கைகளில் ஒரு கை மறந்தாலும் கடிதம் சேராது. நேர்முகத் தேர்வுக்கு வரச்சொன்ன கடிதம் தேதி கழிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. பிரித்து ஒட்டப்பட்ட உறையைப் பார்த்தவர்களும் உண்டு.

இதற்குச் சட்டத்திலும் வேர் இருந்தது. வீதி போட்டு, விளக்குப் போட்டு, வீட்டுக்கு எண் இடுவது உள்ளூராட்சியின் வேலை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடம் கொடுக்கவில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஊவாவில் ஐந்து தலைமுறை வாழ்ந்த குடும்பம் ‘இலக்கம் இத்தனை, இன்ன வீதி’ என்று எழுத முடியாமல் இருந்ததற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல. அப்படித்தான் ஏற்பாடே இருந்தது.

ஆனால் அந்தக் கடிதம் லயத்துக்கு வந்து சேர்ந்த பிறகு நடந்ததைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். அதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் கடிதம் தனி ஆளுக்கு வருவதில்லை. வாசிக்கத் தெரிந்தவர் லயத்தில் ஒருவரோ இருவரோதான். அது ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளையாக இருக்கும், அல்லது தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும். மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து, கால் கழுவி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்த பிறகு வாசிப்பு தொடங்கும். பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து உட்காருவார்கள். அது தவறில்லை; அவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கும். எழுதியவருக்கும் இது தெரியும். ஊரும் தேதியும் மேலே. பிறகு நலம் சொல்லி நலம் விசாரிப்பு. பிறகு மூத்தவர்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவர் பெயராகக் கேட்பது. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் காம்பராவில் இரண்டு நாளைக்கு முகம் வாடியிருக்கும். மழை, திருவிழா, மாடு கன்று போட்டது எல்லாம் அடுத்து. பணச் சங்கதி என்றால் பொதுத் தாளில் எழுதமாட்டார்கள்; சிறு தாளில் தனியாக எழுதி உள்ளே மடித்து வைப்பார்கள். சாவுச் செய்தி இருந்தால் வாசிக்கிற பிள்ளைக்கே ஒரு பொறுப்பு வந்துவிடும். கண்ணால் முன்னே ஓடிப் பார்த்து, வயதானவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை குரலை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். பதிலும் இப்படித்தான். ஒருவர் எழுத, நாலு பேர் சொல்வார்கள். முடிவில் எழுதியவர் முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டி, எல்லோரும் சரி என்ற பிறகே உறை ஒட்டப்படும்.

பலர் கேட்கப்போகும் கடிதத்தை எப்படி எழுதுவது, எதைப் பொதுவில் சொல்வது, எதைத் தனியே மடித்து வைப்பது, எப்போது நிறுத்துவது என்ற நாகரிகம் முழுவதும் இதில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைக் கற்றிருந்தார்கள்.

1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. குடியுரிமை மறுக்கப்பட்டு நாடற்றவராக ஆக்கப்பட்டிருந்த தோட்டத்து மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்றார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்காரர், தங்கை இன்னொரு நாட்டுக்காரி. போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் கொழுந்து எடுக்கப் போனார்கள். அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியிருந்தது. அங்கேயும் முகவரி தோட்டத்தின் வழியாகத்தான். பசறையிலிருந்து கூடலூருக்குப் போன கடிதம் இரண்டு ஆபீஸ் மேசைகளைத் தாண்ட வேண்டும். 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. வருடத்துக்கு இரண்டு கடிதம் என்பது ஒன்றாகி, பிறகு பல குடும்பங்களில் அதுவும் நின்றுபோயிற்று. பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஒலிநாடா வந்தது. எழுதத் தெரியாதவர் பேசிப் பதிந்து அனுப்பினார். வீட்டார் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். இன்றைய குரல் பதிவுக்கு மூத்தது அது.

அதே ஆண்டுகளில், வேறொரு தமிழுலகில் கடிதம் கம்பிக்குள் இறங்கியிருந்தது. 1971இல் ரே டொம்லின்சன் கணினியிலிருந்து கணினிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கு 1990இல் லேர்ன் வலைப்பின்னல் மின்னஞ்சலைக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளின் நடுவில் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் என்ற மடற்குழுவில் லௌசான், சிங்கப்பூர், கோலாலம்பூர், டொரொண்டோ என்று எங்கெங்கோ இருந்தவர்கள் தமிழில் எழுதிக்கொண்டார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் மதுரைத் திட்டம், அப்படி மடல் வழியே பழகியவர்களின் உழைப்பில்தான் 1998 பொங்கல் நாளில் பிறந்தது. மலேசியாவில் மருத்துவர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர் குழுமத்தில் ஆயிரக்கணக்கான மடல்கள் சேர்ந்தன. லயக் காம்பராவில் தொலைபேசிக் கம்பி இல்லாத காலம் அது. பதுளைத் தோட்டங்கள் அந்த உரையாடலுக்கு வெளியே இருந்தன.

மடற்குழுவுக்கு அப்போது எழுதாத சட்டங்கள் பல இருந்தன. அவற்றை 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்து ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணமாக வெளியிட்டார். இன்றும் அதை வாசிக்கிறேன், பெரும்பகுதி பழையதாகவில்லை. புதிய குழுவில் சேர்ந்தால் ஒன்றிரண்டு மாதம் வாசித்துவிட்டுப் பிறகு எழுதுங்கள் என்கிறது. கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்புங்கள் என்கிறது. ஒருவருக்குச் சொல்ல வேண்டியதைக் குழு முழுவதற்கும் அனுப்பாதீர்கள், பதிலெழுதும்போது முன்மடல் முழுவதையும் இழுத்துக்கொண்டு வராதீர்கள், சங்கிலிக் கடிதம் வேண்டாம் என்கிறது. பெரிய எழுத்தில் ஆங்கிலம் எழுதினால் கத்துவதுபோல் இருக்கும் என்றும் சொல்கிறது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. நாம் கத்துவதற்கு ஆச்சரியக்குறிகளை அடுக்குகிறோம்.

இஸ்தோப்பில் கடிதம் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இந்த விதிகளில் எது புதியது? முதலில் கேள், பிறகு பேசு என்பது அவருக்குத் தெரியும். தனிச் சங்கதியைத் தனித் தாளில் மடிப்பது தெரியும். அனுப்புமுன் உரக்க வாசித்துப் பார்ப்பதும் தெரியும். இணைய நாகரிகம் என்று இளையவர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் புறப்படுவதில் பாதியை அவரிடமிருந்துதான் இளையவர்கள் கற்க வேண்டும். இதை நான் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. இந்த உண்மையை விட்டுவிட்டுப் பாடத்தை வேறெங்கோ தொடங்கியதால்தான் மூத்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

எங்கே தொடங்கினார்கள்? இயந்திரத்தில். இலங்கையின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது அமைத்த நெனசல (தமிழில் அறிவகம்) என்ற கணினி நிலையம் நாடெங்கும் விகாரைகளிலும் கோயில்களிலும் நூலகங்களிலும் திறக்கப்பட்டது. நல்ல திட்டம். 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து லட்சம் டொலர் விருதும் அதற்குக் கிடைத்தது. பிள்ளைகள் பயன்பெற்றார்கள். ஆனால் முதல் பாடம் கணினியின் பாகங்களைக் காட்டிப் பெயர் சொல்வதாக இருந்தால், அறுபத்தைந்து வயதுக்காரர் இரண்டாம் நாள் ஏன் வர வேண்டும்? இதற்கு மாறான வழி அருகிலேயே இருந்தது. 1998இல் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமுதாய வானொலி இணையத்தை எடுத்துக்கொண்டபோது, நேயர்கள் கேள்வியை எழுதியனுப்பினார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, வானொலியிலேயே பதிலை விளக்கினார். முதலில் மனிதரின் கேள்வி வந்தது. இயந்திரம் அதற்குப் பின்னால் வந்தது. கேரளாவில் 2025 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் மின்னறிவு பெற்றதாக அறிவித்தபோது, கற்றவர்களில் 105 வயது முதியவரும் இருந்தார். அங்கே தொண்டர்கள் வீட்டுக்கும் வேலைத்தளத்துக்கும் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். மூத்தவரை வகுப்புக்கு இழுக்கவில்லை.

இனி அந்த விரலைப் பாருங்கள். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த ஒரு பெண்ணின் ஆட்காட்டி விரலும் பெருவிரலும் கறையேறிக் கறுத்து, நுனி வெடித்துக் காய்த்திருக்கும். இன்றைய தொடுதிரை, மின்கடத்தும் விரல் தொடும்போது தன் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. காய்ந்து தடித்த விரல் தொட்டால் பல நேரம் அது உணராது. அவர் அழுத்துவார், இன்னும் பலமாக அழுத்துவார். அழுத்தினால் வேறொன்று திறக்கும். பக்கத்தில் இருக்கும் பேரன், “அம்மாயி, மெதுவா தொடுங்க” என்பான். அவர் பயந்து கையை எடுத்துவிடுவார். விரலைச் சற்று ஈரப்படுத்தினால் போதும், அல்லது தொடுபேனா ஒன்று போதும். கணினி என்றால் மவுஸ் அவருக்கு இதைவிட எளிது. ஆனால் இரட்டைச் சொடுக்கை அரை நொடிக்குள் முடிக்க வேண்டும் என்று இயந்திரம் எதிர்பார்க்கும். அந்த வேகத்தை அமைப்பில் போய்க் குறைத்து வைக்கலாம். இது தெரியாத ஆசிரியர், “வயசாயிட்டுது, வராது” என்று முடித்துவிடுகிறார். வராதது வயதால் அல்ல.

கணக்குத் திறக்கும்போது அடுத்த சிக்கல்: பிறந்த தேதி. பலருக்குத் தெரியாது. ஆனால் அவர்களுடைய பழைய அடையாள அட்டை எண்ணிலேயே அது இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த மூன்றுடன் 500 கூட்டியிருக்கும். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து: வாக்குரிமை உள்ளவருக்கு ‘வி’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’. நாடற்றவர்களாக வாழ்ந்த தலைமுறைக்கு அந்தக் கடைசி எழுத்தின் கனம் தெரியும். 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடுதான் அந்தக் கதை முடிவுக்கு வந்தது. மின்னஞ்சல் முகவரியில் அப்படியொரு எழுத்து கிடையாது.

எழுத்துரு இன்னொரு தடை. அரச அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுநாள் ஆண்டது பாமினி. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எத்தனையோ பேர் இந்தக் குப்பையைப் பார்த்துத் தங்கள் மேல்தான் பிழை என்று நினைத்துக் கைவிட்டார்கள். யூனிகோட் பரவி, 2008இல் தமிழ் விசைப்பலகைக்கு இலங்கைத் தரமும் வந்த பிறகே இந்தத் தொல்லை தணிந்தது. தட்டச்சு பழகிய பழைய கிளாக்கர்களுக்கு அந்தத் தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை கைக்கு இணக்கமானது. பழைய தட்டச்சுப்பொறி வரிசையை ஒட்டியது. மற்றவர்களுக்குக் கைப்பேசியில் தமிழைப் பேசினாலே எழுத்தாக வரும் வசதி இன்று இருக்கிறது. வாசிக்கத் தெரிந்து எழுதத் தயங்குகிறவர்களுக்கு அது பெரிய திறப்பு.

இதையெல்லாம்விட எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. இன்று தோட்டத்தில் கைப்பேசி வைத்திருக்கும் மூத்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியாது. ஆண்ட்ராய்ட் கைப்பேசி கூகுள் கணக்கொன்றைக் கேட்கும். கடைப் பையன் தனக்குத் தோன்றிய பெயரிலும் கடவுச்சொல்லிலும் ஒன்றைத் திறந்து கொடுத்துவிடுவான். கைப்பேசி உடைந்தால் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. மகளின் எண், போய்ச் சேர்ந்தவரின் படம், எல்லாம் அதோடு போகும். சில வீடுகளில் கடவுச்சொல் பேரனிடம் இருக்கும். வந்ததைத் திறப்பதும் அவன், பதிலளிப்பதும் அவன். கிளாக்கரின் மேசை லயத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அன்போடு வந்ததால் அது வேறொன்றாகிவிடாது.

குழு என்றால் இன்று வட்ஸ்அப்தான். கோயில் குழு, தொழிற்சங்கக் குழு, சொந்தக்காரர் குழு, கூடலூர் உறவுகளையும் சேர்த்த குழு. பழைய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டன. அங்கே சேர்ந்திருந்த மடல்களில் யாரும் எடுத்துவைக்காதவை அழிந்தன. ஆனால் மடற்குழுவின் ஒழுங்கு அழியவில்லை, தேவையும் குறையவில்லை. பதுளை மாவட்டத்தில் அது உயிர்ச் சங்கதி.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் மீரியபெத்த லயங்களை மண் மூடியது. அங்கே ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை மக்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றும் செயலாக மாறவில்லை. இன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் கிளம்ப ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். ஓர் அறிவிப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்குத்தான் செல்லும். குழுவில் அது எப்படி வருகிறது? யாரோ அனுப்பியதை யாரோ அனுப்பி, தேதி வெட்டுப்பட்ட படமாக வருகிறது. போன மழைக்கு வந்த சிவப்பு இந்த மழையில் மறுபடி சுற்றுகிறது. இரண்டு தடவை பொய்யாகப் போனால் மூன்றாவது தடவை உண்மையானதையும் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். அல்லது காலை வணக்கப் படங்கள் நாற்பதுக்கு நடுவில் அது காணாமற்போகும்.

இங்கேதான் பழைய கடித ஒழுங்கு உயிர் காக்கும். ஊரும் தேதியும் மேலே இல்லாத கடிதத்தை அன்று யாரும் கடிதமாக மதிக்கவில்லை. அதே கண்ணோடு குழுவில் வருவதைப் பார்க்க மூத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவர்களே குழுவுக்குக் காவலாக இருப்பார்கள். “தேதி எங்க? எந்த ஊருக்கு? யார் போட்டது?” இந்த மூன்று கேள்விக்குக் கணினி அறிவு தேவையில்லை. சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எண்ணுக்கு ஓர் அழைப்புப் போதும். பசறையில் ஒரு லயத்தில் இருக்கும் பாட்டி இந்த மூன்று கேள்வியைத் தன் கோயில் குழுவில் ஒரு தடவை கேட்டுவிட்டால், தேதியில்லாத படத்தை அனுப்ப அடுத்தவர் தயங்குவார்.

சாவுச் செய்தியிலும் இதே கவனம் வேண்டும். குடும்பத்தார் சொல்லுமுன் குழுவில் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. முன்னே கண்ணோட்டி வாசித்துக் குரலை நிறுத்திய அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பக்குவம் நமக்கு இல்லாமல் போயிற்று. அனைவருக்கும் பதிலளிப்பதற்கும் ஒருவருக்கு மட்டும் பதிலளிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மூத்தவருக்கு விளக்க நான் அறிந்த நல்ல வழி, பொதுத் தாளையும் உள்ளே மடித்த சிறு தாளையும் நினைவுபடுத்துவதுதான். சொன்ன உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இணைப்பு இன்னும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. 2021இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, லுணுகலையில் பிள்ளைகள் சமிக்ஞை தேடிக் காட்டுக்குள் 30 அடி உயர மரப் பரணில் ஏறிப் படித்தார்கள். பிள்ளை ஏறும் மரத்தில் பாட்டியால் ஏற முடியாது. சமிக்ஞை கிடைக்கும் இடத்தில், குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ, ஒரு கணினியும் சாயும் நாற்காலியும் பொறுமையுள்ள இளைஞர் ஒருவரும் இருந்தால் பாதி வேலை முடியும். பிரதேச சபைகளுக்கு இப்போது சட்டத் தடை இல்லை. பதுளை, ஹாலி எல, பசறை, அப்புத்தளை, ஹல்துமுல்ல சபைகள் இதைக் கேட்டு வாங்கலாம், செய்யலாம். லய வீட்டுக்கு எண்ணும் பாதைக்குப் பெயரும் கொடுக்கும் கடமையையும் கையோடு முடிக்கலாம். மின்னஞ்சல் இருக்கிறதே என்று அந்தக் கடமையைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமையில்லை.

தோட்டத்தில் வளர்ந்து இப்போது பதுளை நகரிலோ, கொழும்பிலோ, கடல் கடந்தோ இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது அம்மாவின், தாத்தாவின் கைப்பேசியை வாங்கிப் பாருங்கள். அதில் எந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பெயரில் புதிதாக ஒன்று திறந்து கொடுங்கள். கடவுச்சொல்லை அவரே தெரிவு செய்யட்டும். தன் கையால் ஒரு தாளில் எழுதித் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் கைகாட்டும் ஒருவர் எழுதட்டும். நீங்கள் அதை மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் மடலை யாருக்கு எழுதுவது என்று அவரே முடிவு செய்யட்டும்.